ஆறு புழுக்களுக்கு ஒரு கட்டு இலை

மாடித் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடியை ஆறு பச்சைப் புழுக்கள் மூன்றே நாளில் மொட்டையடித்துவிட்டன. கீர்த்தனா அவற்றை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து வளர்த்தாள். இலை தீர்ந்ததும் அவை தலையைத் தூக்கித் தூக்கித் தேடின.

“கூடு கட்டறதுக்கு முன்னாடி இப்படித்தாம்ப்பா அகோரமா திங்கும். இன்னும் ரெண்டு நாள்தான். அப்புறம் பட்டாம்பூச்சியாத்தான் வெளிய வரும். எலை மட்டும் கொண்டாங்கப்பா.”

“பூச்சிமருந்துக் கடைக்காரர் வூட்டுல புழு வளக்கறாங்கன்னு திருவண்ணாமலையே சிரிக்கப் போவுது” என்றாள் அம்மா சிந்துஜா.

அப்பா அருணகிரியும் சிரித்தார். கீழ்பென்னாத்தூரில் அவருக்குப் பூச்சிமருந்துக் கடை. அன்று கடைக்கு வந்த கறிவேப்பிலை விவசாயி அர்ஜுனனிடம், “உன் தோட்டத்துல இருந்து ஒரு கட்டு கறிவேப்பிலை குடேன்” என்று கேட்டார். புழுவுக்கென்று சொல்லக் கூச்சம். எதற்கென்று சொல்லாமலே வாங்கி வந்தார்.

பாதி பெட்டிக்குப் போனது. மீதியைச் சிந்துஜா காலையில் துவையலுக்கு வதக்கினாள்.

துவையலை அரைத்து டப்பாவில் வைத்ததும் கீர்த்தனாவின் அலறல் கேட்டது. ஆறு புழுக்களும் பச்சை நீரைக் கக்கிவிட்டுச் சுருண்டு கிடந்தன. சிந்துஜா பெட்டியைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

“அதே எலைதானேங்க?”

அருணகிரி மகளின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து துவையலைக் கொட்டினார். நேராக அர்ஜுனனின் தோட்டத்துக்கு வண்டியை விட்டார்.

“எப்பப்பா மருந்து அடிச்ச?”

“முந்தாநேத்து, முதலாளி. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? பறிக்கறதுக்கு மொத நாள் அடிச்சா ஒரு எலையிலகூட ஓட்டை இருக்காதுன்னு. சென்னை லோடு நேத்தே போயிடுச்சு. பளபளன்னு இருந்துச்சு.”

அவர் எழுதியதுதான். அடித்தபின் பதினைந்து நாள் பறிக்கக் கூடாது என்று புட்டியில் அச்சிட்டிருந்ததை அவர் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை.

“எம் பொண்ணு புழு வளக்கறா. அதுக்குத்தான் எலை கேட்டேன். எல்லாம் செத்துப்போச்சு.”

அர்ஜுனன் தலையில் அடித்துக்கொண்டார். “அடடா, புழுவுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வூட்டுக்குப் பின்னாடி எங்களுக்குன்னு நாலு செடி மருந்து காட்டாம வெச்சிருக்கேன். அதுல பறிச்சுக் குடுத்திருப்பேனே! நீங்க சமைக்கக் கேக்கறீங்கன்னுதானே நெனச்சேன்?”

அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே வருந்திச் சொன்னார். அதனால்தான் அருணகிரியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. லாரியில் போன இலை இந்நேரம் எத்தனை வீட்டுச் சட்டியில் தாளிப்பாகியிருக்கும்? திருப்பிக் கூப்பிட வழியில்லை.

“தப்பு என்னுது, அர்ஜுனா. நம்ம வூட்டுல திங்கப் பயப்படறத அடுத்த வூட்டுக்கு விக்கறது வியாபாரம் இல்ல, வெஷம் வெக்கறது. இனிமே மருந்து அடிச்சா பதினஞ்சு நாள் செடியில கை வெக்காத.”

“நான் ஒருத்தன் நிறுத்தி என்ன ஆவப்போவுது முதலாளி? சுத்துப்பட்டுல எல்லாரும் இப்படித்தானே அடிக்கறாங்க?”

அருணகிரியின் முகம் சுருங்கியது.

“அவங்க எல்லாருக்கும் எழுதிக் குடுத்தவனும் நான்தானே? நானே ஒவ்வொருத்தர் நெலத்துக்கும் போய்ச் சொல்றேன்.”