கிழவனுக்குப் பின்னால் ஒரு வேலைக்காரன்

பேராசிரியர் பழங்கால கிரேக்க நகைச்சுவை நாடகங்களைக் கரைத்துக் குடித்தவர். ஜீரணமானதா என்பது வேறு விஷயம். கல்யாண ஆசை பிடித்த ஒரு கிழவன் பேசுகிற நாலு வரி, ஒரு கிழிந்த நாணல் தாளில் கிடைத்தது. அதை முதுமையின் புலம்பல் என்று சொல்லித் தடிமனாக ஒரு புத்தகம் போட்டார். வெளியே அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்ததுதான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில், அதே துறையில் இருக்கிற மனைவியின் தங்கை குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அத்தான், இதுல பேசறது ஒருத்தர் இல்ல, ரெண்டு பேரு. பின்னாடி நிக்கிற வேலைக்காரன் நக்கலடிக்கிறான். அக்கா, நீதான் வேலைக்காரன். படி."

"என் உடம்பு இரும்பு!" என்று கிழவனாக மார்தட்டினாள் தங்கை.

"துருப்பிடிச்ச இரும்பு," என்றாள் அக்கா.

"என் குரல் இடி!"

"எங்கயோ தூரத்து இடி."

அதற்குமேல் மனைவியால் முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இவர் படித்துக் காட்டும்போதெல்லாம் "ம்" கொட்டியவள்! பேராசிரியருக்கு வயிறு எரிந்தது. நேற்று முளைத்தது, எவ்வளவு சுலபமாகச் சிரிக்க வைத்துவிட்டது! அதுவும் சரியாக வேறு சொல்லித் தொலைக்கிறது.

"ஆள் மாறுனா வரிக்கு இடதுபக்கம் சின்னதா ஒரு கோடு போடுவாங்களே, அது இருந்தா போதும். அந்த ஓரம் இப்ப உதிர்ந்து போச்சு. முன்னாடி நேர்ல பாத்தது நீங்க மட்டும்தான். கோடு இருந்துச்சா, அத்தான்? இல்லைன்னா இதப் பத்தி எழுதற கட்டுரைய விட்டுடறேன்."

இருந்தது. அழுக்கு என்று நினைத்து, புத்தகத்தில் அதைச் சேர்க்காமலே விட்டிருந்தார். அழுக்கு எங்கேயாவது அவ்வளவு நேராக விழுமா?

"இல்லம்மா," என்றார். "சுத்தமா ஒண்ணுமே இல்ல."

அவள் முகம் வாடிப்போனது. உடனே சமாளித்துக்கொண்டாள். "நல்லவேளை, உங்ககிட்ட கேட்டேன். இல்லைன்னா என் மானமே போயிருக்கும். ரொம்ப தேங்க்ஸ், அத்தான்."

மனைவி சிரிப்பை நிறுத்தித் தட்டுகளை எடுத்தாள். "ஒரே ஆளுன்னா இதுல சிரிக்க என்னங்க இருக்கு?"

பேராசிரியர் கை கழுவப் போனார். கண்ணால் பார்த்தவருக்குப் புரியாதது, பார்க்காத அவளுக்குப் புரிந்திருக்கிறது. அவள் வாயை அடைத்த பிறகும் பொறாமை போகவில்லை.