ஆகாசத்துல நாலு மணி நேரம்

வேனை விட்டு இறங்கியதும் ராதாகிருஷ்ணன் செய்த முதல் காரியம், எஸ்டேட் லைன் வீட்டுக் குழாயடியில் குனிந்து வாய் கொப்பளித்ததுதான். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரைக்கும் மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு பிளாஸ்டிக் பையும் கையுமாக வந்திருந்தார் பாவம். மாப்பிள்ளையின் தாய்மாமன். தனுஜாவைப் பெண் கேட்டுச் சென்னையிலிருந்து வந்தவர். நாற்காலியில் சாய்ந்ததும் முகம் தெளிந்தது. கூடவே வாயும் திறந்துகொண்டது.

"பொண்ணு தூரமா போறாளேன்னு கவலையே படாதீங்க சம்பந்தியம்மா. கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் நாலு மணி நேரம்தான். ஒரு படம் பாத்து, ஒரு தூக்கம் போட்டா வந்துரும்."

இன்னும் வெற்றிலை பாக்கே மாறவில்லை, அதற்குள் சம்பந்தியாம். தனுஜாவின் அம்மா பாஞ்சாலைக்கு உதடு கோணியது. அவள் புருஷன் வேலப்பனோ, மெட்ராஸ் என்ற பேரைக் கேட்டதிலிருந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். போன வருஷம் இதே மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேயிலைக் கொழுந்துக் காட்டில் சரிந்தபோது, தானா ராத்தா டவுன் கிளினிக்கில் வேலை பார்க்கும் தனுஜா மோட்டார் சைக்கிளில் இருபதே நிமிஷத்தில் வந்து நின்றாள். அது அவருக்கு மறந்துபோயிருக்கலாம். பாஞ்சாலைக்கு மறக்கவில்லை.

"அண்ணே, வீட்ட விட்டு எப்பக் கெளம்புனீங்க?"

"நேத்து நைட்டு எட்டு மணிக்கு."

"இப்ப?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது இன்னும் சென்னையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. "ஒம்போது."

"முழுசா பதிமூணு மணி நேரம். நீங்க ஆகாசத்துல இருந்தத மட்டும் கணக்கு சொல்றீங்களே லா. எம்புருசன் ஆகாசத்துல விழ மாட்டாருண்ணே. இந்தத் தரையிலதான் கெடப்பாரு."

வேலப்பனின் சிரிப்பு நின்றது. டீத் தட்டோடு நிலைப்படியில் நின்ற தனுஜா மெதுவாகக் கேட்டாள்:

"நாலு மணி நேரம்தானே மாமா? அவரு ஏன் வரல?"

"அவனுக்கு... லீவு கெடைக்கலம்மா. ஆபீஸ்ல ரொம்ப வேல."

"தாலி கட்டவாச்சும் லீவு கெடைக்குமான்னு கேட்டு வைங்கண்ணே," என்றாள் பாஞ்சாலை.

அவர் வாங்கிய டீயைப் பாதியில் வைத்தார். யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்துகொண்டார். வேன் கிளம்பும்போது தனுஜா ஓடிப்போய், வாந்திக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அசாம்போய்ப் பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டினாள். பாஞ்சாலைக்குச் சுருக்கென்றது. இரக்கமா, இல்லை, இவளுக்கும் அந்த நாலு மணி நேரத்தில் ஆசையா?

அம்மாவும் மகளும் வாசலிலேயே நின்றார்கள். கீழே, தேயிலைச் சரிவின் மூன்றாவது வளைவில் வேன் நின்றது. கதவு திறந்து வெள்ளைச் சட்டை ஒன்று ரோட்டோரம் குனிந்தது.

"பத்து நிமிசம்கூட ஆவல," என்றாள் பாஞ்சாலை.

தனுஜாவின் கையில் போன் அடித்தது. மாப்பிள்ளையின் சென்னை நம்பர். அவள் எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. குனிந்த அந்த வெள்ளைச் சட்டை எப்போது நிமிரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.