பிளக்கா, டேப்பா

1

இந்தக் கதை எனக்கு அடிவாரத்தில் கிடைத்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். ஏற்காட்டில் அறை எடுத்து நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். (அறை எடுத்திருந்தேன் என்பது மட்டும் உண்மை.) சேலம் போய்த் திரும்பும்போது மலைக்குப் போகும் பஸ்ஸைக் காணவில்லை. மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு லாரி சாமான் கடை. உள்ளே ஒரு பெண்மணி. எதிரே, கையில் துண்டு சுற்றிய ஒரு டிரைவர். அவர்கள் பேசிய நாலைந்து வாக்கியங்கள் என் காதில் விழுந்தன. பிறகு அந்த டிரைவரே, "மேலயா போறீங்க? ஏறிக்குங்க" என்று என்னை லாரியில் ஏற்றிக்கொண்டார்.

பெயர் வேடியப்பன். போகிற வழியில் கொஞ்சம் சொன்னார். மிச்சத்தை நான் இட்டுக்கட்டினேன். எது யாருடையது என்று இப்போது எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

2

ஆரம்பங்கள்.

"சேர்வராயன் மலையை மூடுபனி போர்த்தியிருந்த ஒரு காலையில்..." வேண்டாம். பனியில்லாமல் தொடங்கும் ஏற்காட்டுக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.

"வேடியப்பனின் மனைவி குப்பாயி மஞ்சள் காமாலையில் செத்துப்போய்..." இதையும் நிறுத்திவிட்டேன். ஒரு பெண்ணை அரை வாக்கியத்தில் கொன்று, புருஷனுக்குத் தனிமை வாங்கித் தருவது மலிவான வேலை. அவள் யார் என்றாவது சொல்ல வேண்டும்.

குப்பாயி கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் காப்பிப் பழம் பறித்தாள். ஓயாமல் பேசினாள். எரியாத அடுப்பைத் திட்டினாள், கோழியிடம் நியாயம் கேட்டாள். அதே எஸ்டேட்டின் லாரியை ஓட்டிய வேடியப்பன் பதில் சொல்லவேண்டிய அவசியமே இருந்ததில்லை. அவள் போன பிறகுதான் தனக்குப் பேச்சே வராது என்று அவருக்குத் தெரிந்தது. அத்தனை வருஷமும் அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசியிருக்கிறாள்.

பிள்ளை குட்டி இல்லை. எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் ஒரு விளக்கு, ஒரு தட்டு. (தட்டை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். லாரியில் அவரே சொன்னதாக ஞாபகம். இருக்கட்டும்.)

3

லாரி இஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் நாளாக நாளாகத் துருவும் சேறுமாக ஆகிவிடும். அதை அடியில் திறந்துவிட்டு, நல்ல தண்ணீர் விட்டு அலசி, மறுபடி நிரப்ப வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடியப்பன் வண்டிக்கடியில் படுத்து ரேடியேட்டரின் அடியை மூடும் பிளக்கைத் திருகினார். அது கழன்றது. ஆனால் மரை தேய்ந்து, திரும்ப ஏறவில்லை. துணி சுற்றிய கட்டையை அடைத்துக்கொண்டு, மெதுவாக அடிவாரத்துக்கு இறங்கினார்.

கடைக்காரர் அருக்காணி. புருஷன் இறந்த பிறகு கடையை அவரே பார்த்துக்கொண்டார். தேய்ந்த பிளக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் பொருந்தும் இரண்டு சாமான்களைப் பலகைமேல் வைத்தார். ஒன்று புதிய பிளக்கு, மொட்டையாக, ஸ்பேனர் போட்டால்தான் அசையும். இன்னொன்று கைப்பிடி வைத்த சின்ன டேப்பு, விரலாலேயே திறக்கலாம்.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டார் அருக்காணி.

கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்பதுதான். ஆனால் வேடியப்பனை அப்படி யாரும் கேட்டு வெகு நாளாகியிருந்தது. "ஆச்சுங்க" என்றார். ஆகவில்லை.

"இதுல எது நல்லதுங்க, அம்மிணி?"

"டேப்பு சுளுவுதானுங்க. ஆனா சொட்டும், அப்பப்ப பாக்கோணும். மலையேறுற வண்டிக்குப் பிளக்குதான். போட்டுட்டு மறந்தர்லாம்."

மறந்தர்லாம். அந்தச் சொல்லில் வேடியப்பன் நின்றுபோனார். அந்தக் கடையைத் தாண்டித்தான் அவர் தினமும் போய் வந்தார். தாண்டிப் போவது நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது. நிறுத்த ஏதாவது சாக்கு வேண்டும். சொட்டுகிற டேப்பு ஒரு சாக்கு.

"டேப்பே குடுங்க" என்றார்.

அருக்காணி ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, எடுத்துக் கொடுத்தார்.

4

நான்காம் பகுதியில் வண்டி நிற்க வேண்டும். முதலில் எழுதியபோது உள்ளே ஒரு காய்ச்சல் குழந்தையையும் அதன் தாயையும் உட்கார வைத்தேன். கதை விறுவிறுப்பானது. பிறகு இருவரையும் இறக்கிவிட்டேன். அன்று வண்டியில் யாரும் இல்லை. யாருமே இல்லை என்பதுதான் அன்று நடந்தது.

அரிசி மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்தார். மழையில் பெயர்ந்து கிடந்த கல் ஒன்று டயரில் தெறித்து அடியில் அடித்தது. நீட்டிக்கொண்டிருந்த டேப்பின் கைப்பிடி ஒடிந்து, தண்ணீர் முழுக்க ரோட்டில் போனது. அடுத்த வளைவுக்குள் இஞ்சின் கொதித்தது. இறங்கி, பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே மிஞ்சியிருந்த ஆவி சீறி, வலது கை வெந்தது.

"அய்யோ!" என்று கத்தினார். யாரோ கத்தியதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார். இரண்டு நாளாக அவர் தன் குரலையே கேட்டிருக்கவில்லை.

இன்னொரு தடவை வண்டி நின்றால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வோம் என்று எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வேலை போனால் வீடும் போகும். குப்பாயி திட்டித் திட்டி எரித்த அடுப்பும் போகும். (இந்த வாக்கியம் அதிகம். அடிக்க மனம் வரவில்லை.)

கொதிக்கிற இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வெடித்துவிடும். அது ஆறும்வரை வேடியப்பன் கல்மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு கார் நிற்காமல் போயிற்று. பிறகு ஒடிந்த டேப்பைக் கழற்றி, கொய்யாக் குச்சியைச் சீவி, துணி சுற்றி ஓட்டையில் அறைந்தார். ஓடைத் தண்ணீரை இடது கையால் சுமந்து ஊற்றினார். சாவியைத் திருப்பியபோது இஞ்சின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. வளைவில் வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கினார்.

5

இனி நான் கண்ணால் பார்த்தது.

ஒடிந்த டேப்பை அவர் பலகைமேல் வைத்தார்.

"நாந்தான் அன்னிக்கே சொன்னனுங்களே!" என்றார் அருக்காணி. துண்டு சுற்றிய கையைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "நொம்ப வெந்துருச்சுங்களா? உக்காருங்க." மருந்து கொண்டுவந்து வைத்தார். புதிய பிளக்கையும் எடுத்து வைத்தார். "ஏனுங்க, பிளக்கு நல்லதுன்னு சொல்லியும் டேப்ப எடுத்தீங்களே, ஏன்?"

இந்த இடத்தில் வேறு வேறு பதில்கள் எழுதிப் பார்த்தேன். "ஸ்பேனர் இல்லீங்க." "தெரியாம எடுத்துட்டனுங்க." எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் நான் கேட்டது இது:

"டேப்புன்னா சொட்டும்னீங்க. சொட்டுனா வரலாமுன்னுதானுங்க."

சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். அருக்காணி ஒரு டப்பாவைத் திறந்து, ஒழுகாமல் தடுக்கும் சின்னச் செம்பு வாசர் ஒன்றை எடுத்துப் பிளக்கில் கோத்தார்.

"பிளக்குக்கும் வாசர் உண்டுங்க. ஒவ்வொருக்கா கழட்டும்போதும் புதுசு போடோணும்."

"அப்ப நாலஞ்சு சேத்துக் குடுத்தர்றீங்களா?"

"ஒண்ணு போதுங்க" என்று அருக்காணி டப்பாவை மூடினார்.

6

அப்புறம்?

லாரியில் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏற்காடு ஒண்டிக்கடையில் என்னை இறக்கிவிட்டுப் போனார். அறைக்கு வந்து ஒரு முடிவு எழுதினேன். அதில் கல்யாணம் நடந்தது, சிரிப்பாக இருந்தது. இன்னொன்றில் எஸ்டேட் லாரியையே விற்றுவிட்டார்கள். அதை எழுதிய அன்று நான் சாப்பிடவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

அந்த லாரி மறுபடி எப்போது கடை முன்னால் நின்றது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அந்தம்மாவை மட்டும் நெடுநாள் காக்க வைக்காதீர்கள்.