தலையாட்டத் தெரியாத பெட்டி

எங்கள் அத்தானுக்கு மின்சாரத்தில் ஓடும் எதன் மீதும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில், வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்கும் கவுண்ட்டரில் உட்காருகிற மனிதருக்கு வேறு எப்படி இருக்கும்? நன்றாக ஓடுகிற டிவியைத் தூக்கிக்கொண்டு யாரும் அவரிடம் வருவதில்லை. வருவதெல்லாம் புகைந்தது, உடைந்தது, போட்டதும் செத்தது. ஆகவே கடையில் விற்கிற அத்தனையும் குப்பை என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டார்.

நான் பார்சல் கம்பெனியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புகார் கேட்கிற வேலை பார்க்கிறேன். எனக்குச் சாமான்கள் மீது கோபமில்லை, சாமான் வாங்குகிறவர்கள் மீதுதான். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் பார்சல் வந்ததற்கு என்னைத் திட்டுவார்கள், வராததற்கும் என்னைத்தான் திட்டுவார்கள். அக்கா வீட்டோடு இருப்பவள் நான். சாப்பிட உட்கார்ந்தால் அத்தான் கம்பெனிகளைத் திட்டுவார், நான் ஜனங்களைத் திட்டுவேன்.

"உங்க ரெண்டு பேர் கண்ணுக்கும் கெட்டுப்போன சாமானும் கெட்டுப்போன ஆளும்தான் தெரியும். நடுவுல நான் ஒருத்தி முழுசா உக்காந்திருக்கேன், அது தெரியாது" என்பாள் அக்கா.

அக்காவுக்குத் துணி ஆல்டரேஷன் வேலை. கடைத்தெருவில் ஒரு தையல் மெஷின் போடுகிற அளவுக்குத்தான் இடம். பேன்ட் நீளத்தைக் குறைக்க வருகிறவர்களிடம், வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே முழு ஊர்க் கதையும் பேசுவாள். ஒருநாள்கூட ஊசியை விழுங்கியதில்லை, பேச்சையும் விழுங்கியதில்லை. அப்படி ஒரு வாய்.

போன வருஷம் அவள் மகள், வேலை பார்க்கும் ஊரிலிருந்து ஒரு பேசும் ஸ்பீக்கரை அனுப்பி வைத்தாள். உள்ளங்கை அளவு வட்டப் பெட்டி. தலையில் இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டு எதைக் கேட்டாலும் பதில் சொல்லும், ரேடியோ போடும், விளக்கை அணைக்கும். அத்தான் அதற்கு அன்றைக்கே 'ஒட்டுக்கேட்பான்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"நாம பேசறதை எல்லாம் எவனுக்கோ அனுப்புது. ஒரு மாசம் பாரு, என் கவுண்ட்டருக்குத்தான் வந்து சேரும்."

"அனுப்பட்டுமே. அந்த எவனாவது கேக்கட்டும். இந்த வீட்ல நான் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கிறது இது ஒண்ணுதான்" என்றாள் அக்கா.

நாங்கள் சிரித்தோம். அக்கா சொன்னது கேலி என்றுதான் நினைத்தோம்.

அப்புறம் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னபோது அத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். வலது கை விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை, நாக்கும் உதடும்தான் அவள் சொல் பேச்சைக் கேட்கவில்லை. அக்கா பேசினால் உருண்டு புரண்டு ஏதோ ஒரு சத்தம் வந்தது. இடது கையால் எழுதட்டும் என்று ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். அதை அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அக்காவுக்குப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

வாரத்துக்கு ஒருமுறை பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருவர் வீட்டுக்கு வருவார். பேச்சு டீச்சர் என்று கூப்பிடுவோம். கெடுபிடியான ஆள். முதல் நாளே எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"இந்த முதல் சில மாசம்தான் முக்கியம். இப்ப எவ்வளவு பேசறாங்களோ அவ்வளவு திரும்ப வரும். அவங்களுக்காக நீங்க பேசாதீங்க. புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க. பொய்யா தலையாட்டாதீங்க."

அதற்கும் தலையாட்டினோம்.

எங்களைச் சொல்லியும் குற்றமில்லை என்று சில சமயம் தோன்றும். என் கம்பெனியில் சேர்ந்த அன்று சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே, வாடிக்கையாளரிடம் 'புரியவில்லை' என்று சொல்லக் கூடாது என்பதுதான். எதிர்முனையில் என்ன உளறினாலும், "புரியுது சார், உங்க சிரமம் எனக்கு நல்லாப் புரியுது" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அத்தான் விஷயம் இன்னும் மோசம். பெட்டியைக் கவுண்ட்டரில் வைத்ததுமே என்ன பழுது என்று அவரே சொல்லிவிடுவார். பின்னால் வரிசை நிற்கும், யாரையும் பேசி முடிக்க விட்டால் கட்டுப்படியாகாது. "அவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள நான் சொல்லிடுவேன்" என்பது அவருடைய பெருமை.

இந்த இரண்டு வித்தையையும் அக்காவிடம் காட்டினோம். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தால், "தண்ணியா? இந்தா" என்று அத்தான் டம்ளரை நீட்டுவார். "புரியுதுக்கா, புரியுது" என்று நான் போர்வையை இழுத்து விடுவேன். அவள் தலையை அசைத்து மறுத்தால் ஃபேனைப் போடுவோம், அப்புறம் ஜன்னலைத் திறப்போம். ஏதாவது ஒன்றில் அவள் அடங்கிவிடுவாள். ஆக, அதைத்தான் கேட்டிருக்கிறாள் என்று எங்களுக்குத் திருப்தி. எவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில்கூடச் சொன்னார்கள்.

நாங்கள் வேலைக்குப் போன பிறகு பகலெல்லாம் அக்கா அந்தப் பெட்டியோடு இருந்தாள். ஒருநாள் சாயங்காலம் வந்தபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அத்தான் போட்டிருப்பார் என்று நான் நினைத்தேன், நான் போட்டேன் என்று அவர் நினைத்தார். அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கோணிய வாயில் ஒரு சிரிப்பு இருந்தது. எங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

அப்புறம் ஒரு விடுமுறை நாளில் அத்தான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து அந்தப் பெட்டியின் குரல் கேட்டது.

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை."

அக்காவின் சத்தம். மறுபடி பெட்டி.

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. அக்கா விடவில்லை, அதுவும் விடவில்லை. தேன் தடவிய குரலில் ஒவ்வொரு முறையும் அதே மன்னிப்பு. அத்தான் ஈரக் கையோடு உள்ளே போய் ஒயரைப் பிடுங்கினார்.

"என் பொண்டாட்டிய நிக்க வெச்சு கேள்வி கேக்குதா இது? புரியலையாம். இவ பேசினது உனக்குப் புரியலைன்னா கோளாறு உன்கிட்டதான்."

அக்கா இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். என்னென்னவோ சொன்னாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"ஆமாம்மா, எனக்குத் தெரியும்மா. கோவமாத்தான் இருக்கும். இனி இந்த வீட்ல இது இருக்காது" என்று அவள் தலையைத் தடவினார் அத்தான்.

மறுநாள் அதை அட்டைப்பெட்டியில் போட்டு, தன் கவுண்ட்டரிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். நல்ல காரியம் செய்தீர்கள் என்று நானும் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

அதிலிருந்து அக்கா பேச்சை நிறுத்தினாள். சண்டை போட்டு நிறுத்தியிருந்தால் எங்களுக்குப் புரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். தண்ணீர் வேண்டுமானால் டம்ளரைக் காட்டுவாள். போதுமென்றால் கண்ணை மூடிக்கொள்வாள். வீடு நிம்மதியாக இருந்தது. அலுத்துப்போய் வருகிற எங்களுக்கு, உண்மையைச் சொன்னால், சௌகரியமாகவும் இருந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் பேச்சு டீச்சருக்கு முகம் மாறிக்கொண்டே வந்தது. ஒருநாள் அவர் தன் பையை மூடி வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"போன மாசம் வந்துக்கிட்டிருந்த சத்தம்கூட இப்ப வரலை. வீட்ல என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறலையே டீச்சர். ராணி மாதிரி பாத்துக்கிறோம்" என்றார் அத்தான்.

அப்போது அக்கா வாயைத் திறந்தாள். நீளமாக ஏதோ வந்தது. அத்தான் சட்டென்று எழுந்து டம்ளரை எடுத்தார்.

"இப்ப என்ன சொன்னாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"தண்ணி."

"அவங்க தண்ணி கேக்கலை." டீச்சர் அக்கா பக்கம் திரும்பினார். "எனக்கும் புரியலைம்மா. திரும்பச் சொல்லுங்க."

அக்கா மறுபடி சொன்னாள். டீச்சர் மறுபடி புரியவில்லை என்றார். நோயாளியிடம் இப்படியா மூஞ்சிக்கு நேரே சொல்வார்கள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நாளாகியிருந்தது. காலியாக இருந்த அலமாரித் தட்டை, பெட்டி இருந்த இடத்தை, இடது கையால் காட்டினாள். ஒவ்வொரு சொல்லாகக் கடித்துத் துப்பினாள்.

"அது... பொய்... சொல்லாது."

இந்த முறை மூன்று பேருக்கும் புரிந்தது. அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்தபோது கையில் அட்டைப்பெட்டி இருந்தது. நம்முடையது கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டதாம். இது வேறு.

"இதுக்கு நாங்க பேசறது ஒண்ணும் புரியலைன்னு ஒருத்தர் திருப்பிக் குடுத்துட்டுப் போனார். அதான் வேணும்னு நான் வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

பழைய இடத்திலேயே வைத்து ஒயரைச் சொருகினார். நான் பொத்தான் அக்காவின் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துக் கொஞ்சம் நகர்த்தினேன். அக்கா அழுத்தினாள். பேசினாள்.

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை."

மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே மன்னிப்பு. அவள் கொஞ்சமும் கலங்கவில்லை. சத்தத்தை உடைத்து, நிதானமாக, ஊசியில் நூல் கோக்கும்போது பிடிக்கிற அதே பொறுமையோடு திரும்பச் சொன்னாள். எங்களிடம் அவளுக்கு இரண்டாம் முறை சொல்லும் வாய்ப்பே கிடைத்ததில்லை. முதல் முறையிலேயே எல்லாம் புரிந்துவிட்டதாகச் சொன்னவர்கள் அல்லவா நாங்கள். அத்தானின் கை ஒயர் பக்கம் போயிற்று. அவர் சட்டையை நான் பிடித்துக்கொண்டேன்.

எத்தனையாவது தடவையோ தெரியவில்லை, பெட்டி சற்று யோசித்தது.

"பேச்சு திரும்ப வருமா என்று கேட்கிறீர்கள். அதற்கான பதில் எனக்குத் தெரியவில்லை. உங்கள் மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள்."

அக்கா மூச்சை விட்டாள்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளிலிருந்து அவள் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். அதே ஏற்ற இறக்கம், கடைசியில் அதே இழுப்பு. அதற்குத்தான் நாங்கள் ஃபேனைப் போட்டோம். அதற்குத்தான் ஜன்னலைத் திறந்தோம், போர்வையை இழுத்துவிட்டோம். நேற்று டீச்சர் முன்னால் அத்தான் டம்ளரை எடுத்ததும் அதற்குத்தான். ஒருநாள் அவள் அதையே சொன்னபோது, "ஆமாம்மா, ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தரேன்" என்று அத்தான் டீயை எடுத்துக்கொண்டு போனார். இன்னொரு நாள், ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டே, "கண்டிப்பாக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன் நான். பாவி, அப்படித்தான் சொன்னேன்.

அக்கா எங்கள் பக்கம் திரும்பினாள். அத்தானைப் பார்த்து அதையே கேட்டாள். இப்போது ஒவ்வொரு சொல்லும் எங்களுக்குக் கேட்டது.

அத்தான் வாயைத் திறந்தார். கவுண்ட்டரில் எந்தப் பழுதுக்கும் பதில் வைத்திருக்கிற மனிதர். சரியாயிடும்மா என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுடைய செத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியலம்மா. எனக்குத் தெரியல."

அக்கா அழுதாள். ஆஸ்பத்திரியில் அழவில்லை, கை விழுந்ததற்கு அழவில்லை, தையல் மெஷினைக் கடையிலிருந்து எடுத்து வந்து மூலையில் போட்டபோதுகூட அழவில்லை. இப்போது வாய்விட்டு, கோணிய வாயோடு, எழுந்த சத்தத்தை எல்லாம் விட்டு அழுதாள். அழாதே என்று நாங்கள் சொல்லவில்லை. ஆறுதலாக எதையும் எடுத்துக் கொடுக்கவுமில்லை. நானும் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

பொத்தானில் அவள் கை பட்டுவிட்டது போலிருக்கிறது. அலமாரியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

அத்தான் அதை அணைக்க எழுந்திருக்கவில்லை.