ஆணியில் தொங்கிய கம்பி

“அண்ணா, பின்னால ஆணியில தொங்குன கம்பிய பாத்தியா?” என்று நிரஞ்சனி கேட்டபோது கார்த்திகேசு ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே, “எலி தூக்கிட்டுப் போயிருக்கும் லா,” என்றான். “நம்ம வீட்டு எலிக்கும் ஆர்ட் தெரியுது போல,” என்று தங்கை சிரித்தாள்.

கம்பி அவன் காருக்கு அடியில் இருந்தது. முதல்நாள் வேலை முடிந்து மேருவிலிருந்து வரும் வழியில் சைலன்சர் கழன்று தரையில் உரச, வீடு வந்ததும் கைக்குக் கிடைத்ததை எடுத்து இழுத்துக் கட்டியிருந்தான். அவளுடைய பிளையரைத் தொலைத்து வாங்கிக் கட்டிக்கொண்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மறுபடியும் ஏச்சு வேண்டாம், சாயங்காலம் புதுச் சுருள் வாங்கி மாட்டிவிட்டால் போயிற்று என்று நினைத்தான்.

கூடத்தில் சாய்த்து வைத்திருந்த கேன்வாஸில் நான்கு மாதமாக அவள் கம்பியை வளைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இடது ஓரத்தில் தவழும் குழந்தை. அடுத்து முதுகைவிடப் பெரிய பள்ளிப்பையோடு ஒரு சிறுமி. பிறகு சைக்கிள் பழகுகிறவள். சைக்கிளின் இருக்கையைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்திருக்கும். கை மட்டும்தான், அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். கடைசியில் நடந்துபோகும் பெண், கழுத்து வரை. ஆணியில் தொங்கியது அவள் முகத்துக்கான கம்பி.

அவன் காரில் வேலைக்குப் போய்விட்டான். அவள் கம்பி வாங்க மோட்டார் சைக்கிளை எடுத்தாள். ஹார்ட்வேர் கடைக்கு முந்திய வளைவில் லோரி மோதியது. மருத்துவமனையில் உடலோடு கொடுத்த அவள் பையில், கடைக்காரரிடம் காட்டுவதற்காக எடுத்துப்போன விரல்நீளக் கம்பித்துண்டு இருந்தது. அதை அவன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். எதுக்குடா போனா, எதுக்குடா போனா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரியல, என்றான்.

எட்டு மாதம் கழித்து, அவளுடைய தோழி ஷப்னம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கண்காட்சியில் அந்தக் கேன்வாஸை மாட்டினாள். கூட்டம் அதன் முன்னால்தான் நின்றது. “முகம் வைக்காம விட்டுச்சு பாருங்க இந்தப் பொண்ணு,” என்றார் கண்ணாடி போட்ட ஒரு அங்கிள். “யாரும் முழுசா வளந்து முடிக்கிறதில்லனு சொல்லுது. என்ன ஒரு யோசனை!”

ஷப்னம் திரும்பினாள். “அண்ணே, நிரா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா? வேணும்னே விட்டாளா, இல்ல முடிக்கலையா?”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். கம்பியை எடுத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தான். சைக்கிளைப் பிடித்திருந்த கை கண்ணில் பட்டது.

“வேணும்னேதான்,” என்றான். “அப்படியே விடப்போறேன்னு சொன்னா.”

“என்கிட்ட சொல்லவே இல்லயே அவ,” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த அங்கிள் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். காது மடல் இரண்டும் எரிய, அவன் குலுக்கக் கொடுத்தான்.

கிள்ளானுக்குத் திரும்பும் வழி முழுக்க அம்மா அதையே பேசிக்கொண்டு வந்தாள். அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு சைலன்சரை மாற்றிவிடலாம் பாஸ் என்று மெக்கானிக் இரண்டு தடவை சொல்லியும் அவன் காரை அவரிடம் விடவில்லை. தெருமுனை வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. அடியில் எதுவும் ஆடவில்லை.