மூலை வீட்டு ரேட்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'மிளகாய்' என்றுதான் சொல்வார்கள், தெரியும். ஆனால் யார்மேல் காட்ட வேண்டிய கோபமோ அவள்மேல் மட்டும் ஏழு வருஷமாகக் காட்டவே இல்லை. அவள் வேறு யாருமில்லை, நான்தான்.

வீடுகளை அளப்பது என் வேலை. நீளம், அகலம், எத்தனை மாடி என்று குறித்துக்கொண்டு வந்து பதிவேட்டில் ஏற்றினால், அதை வைத்து நகராட்சி சொத்து வரி போடும். ஊர் முழுவதையும் புதிதாக அளந்த வருஷம் எங்கள் தெரு என் பங்குக்கு வந்தது. எங்கள் வீடு இருபத்தேழாம் நம்பர். ஒட்டினாற்போல், ஒரே சுவரில், தெருமுனையில் இருப்பது இருபத்தெட்டு. அது கண்டக்டர் அண்ணன் வீடு. முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்கு மாடி உண்டு, அவர் வீட்டுக்குக் கிடையாது. நாளெல்லாம் வெயிலில் அலைந்துவிட்டு இந்த இரண்டையும் கடைசியாக அளந்தேன். பதிவேட்டில் ஏற்றும்போது எங்கள் நம்பருக்கு நேரே அவர் அளவையும், அவர் நம்பருக்கு நேரே எங்கள் அளவையும் எழுதிவிட்டேன். சத்தியமாகத் தெரியாமல் நடந்த தப்பு.

புதிய கணக்கில் முதல் வரிச்சீட்டு வந்த அன்றே தெரிந்துவிட்டது. எங்கள் வரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மறுநாள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு வீட்டு அளவும் இடம் மாறியிருந்தன. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீயா போய்ச் சொன்னா வேலைக்கு உலை வச்சுடுவாங்க. பொண்ணு படிப்பு முடியட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

பெண் படிப்பு முடிந்தது. கல்யாணமும் முடிந்தது. அப்புறம் மட்டும் வரவே இல்லை.

அண்ணன் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். முதல் சீட்டு வந்த வாரம், வாசலில் நின்றபடி, "என்ன தங்கச்சி, உங்க ஆபீஸ்ல என்னைப் பணக்காரன்னு முடிவு பண்ணிட்டாங்களா?" என்று சிரித்தார். நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "உங்களது மூலை வீடு அண்ணே. ரெண்டு பக்கமும் ரோடு. அதுக்குத் தனி ரேட்டு" என்றேன். அப்படி ஒரு ரேட்டு உலகத்திலேயே கிடையாது. அவர் அதை அப்படியே நம்பினார். அது போதாதென்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். "ஜன்னலோர சீட்டுன்னா சும்மாவா? கூடத்தான் கேப்பான்" என்பார். அவர் சொல்லும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இந்த வருஷ பட்ஜெட்டில் குடிநீர்க் குழாய்களை மாற்றுவதற்காகச் சொத்து வரியை நூற்றுக்கு நாற்பது ஏற்றலாம் என்று நகராட்சி முன்மொழிந்தது. ஊரே கொதித்தது. ஜனங்களைச் சமாதானப்படுத்த ஒரு புது ஏற்பாடும் செய்தார்கள். இதுவரை சீட்டில் வரித்தொகை மட்டும்தான் இருக்கும். இந்தத் தடவை வீட்டு நம்பர், அளவு, பழைய வரி, புதிய வரி எல்லாவற்றையும் பட்டியலாக அச்சடித்து, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வாசிப்பார்களாம். எங்கள் தெருவை வாசிக்க வேண்டியவள் நான்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்போதும் வாசலிலிருந்தே கிண்டல் ஆரம்பித்துவிடும். அன்றைக்கு இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"வீட்டை வித்துடலாம்னு இருக்கேன், தங்கச்சி."

தூக்கிவாரிப் போட்டது. "என்ன அண்ணே சொல்றீங்க?"

"உங்க அண்ணிக்கு வாரத்துல ரெண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ணணும். பென்ஷன் அதுக்கே போயிடுது. இந்த வரிக்குப் போன வருஷமே அவ வளையலை வச்சேன். இன்னும் நூத்துக்கு நாற்பது ஏறினா எதை வைக்கிறது? வித்துட்டு ஒரு சின்ன வாடகை வீடா பார்த்துக்கறோம். வெளிய யார்கிட்டயும் சொல்லலை. கூடப் பிறந்தவ மாதிரி நீ இருக்கே, முதல்ல உன்கிட்டதான் கேக்கணும்னு வந்தேன். நீங்களே எடுத்துக்கங்க. பார்த்துக் குடுங்க, போதும்."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் எழுந்து நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தார். "இதை உடைச்சிட்டா கீழே எவ்வளவு பெரிய ஹாலாயிடும், பாரேன்" என்றார். இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்த மனுஷன். அவரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு திட்டுவது? அந்த ஹால் ஒரு நொடி என் கண்ணுக்கும் தெரிந்தது. அதுதான் அசிங்கம்.

சனிக்கிழமை காலை நகராட்சி மன்றம் நிரம்பி வழிந்தது. தலைவி அம்மா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நான் மைக்கைப் பிடித்து ஒன்றாம் நம்பரிலிருந்து வாசித்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சண்டை. இருபத்தேழை மூச்சு விடாமல் வாசித்துத் தாண்டினேன். "இருபத்தெட்டு. ஆயிரத்து முந்நூற்று நாற்பது சதுர அடி" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அண்ணன் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பட்டியல். "எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லீங்க. பழைய பாக்கி இல்லாம கட்டிட்டேன். இந்த வருஷம் மட்டும் ரெண்டு தவணையா கட்ட அனுமதி வேணும். அதுக்குள்ள வீடு கைமாறிடும்."

பின் வரிசையிலிருந்து எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் குரல் கொடுத்தார். "ஒரு நிமிஷம். இவருக்கு மாடியே இல்லையே! ஆயிரத்து முந்நூறு எங்கேருந்து வந்துச்சு? அளந்தவங்க தூங்கிட்டாங்களா, இல்ல வேற ஏதாவதா?"

அண்ணன் சரேலென்று திரும்பினார். நெரிசல் பஸ்ஸில் ஆயிரம் பேரை அடக்கிய குரல் அது. "பார்த்துப் பேசுங்க! அளந்தது என் தங்கச்சி. அது கணக்குல ஒரு அடி கூடவோ குறையவோ வராது. மூலை வீட்டுக்குத் தனி ரேட்டு, தனிக் கணக்கு. தெரியலைன்னா வாயை மூடிக்கிட்டு உட்காருங்க."

மருந்துக்கடைக்காரர் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார். நியாயத்தைக் கேட்ட மனுஷன் அவர். அவரை நாலு பேர் முன்னால், எனக்காக, என் பொய்யை வைத்தே அண்ணன் அடக்கிவிட்டார். தலைவி அம்மா "சரி, அடுத்தது" என்றார். அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம். என் விரல் இருபத்தொன்பதில்தான் இருந்தது.

"தப்பு என்னோடது" என்றேன். மைக் முன்னால் இருந்ததால் மன்றம் முழுக்கக் கேட்டது. "மூலை வீட்டு ரேட்டுன்னு ஒண்ணு கிடையாது. எங்க வீட்டு அளவு அவர் பேர்ல ஏறியிருக்கு. அவரோடது அறுநூற்று இருபது. எங்க வரியைத்தான் அவர் கட்டிட்டு இருக்கார்."

ஒரே இரைச்சல். யாரோ 'அடிப்பாவி' என்றார்கள். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. கூனிக் குறுகி நின்றேன். அண்ணன் மட்டும் அசையவில்லை. இரைச்சல் கொஞ்சம் அடங்கியதும் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

'இப்பத்தான் அண்ணே, பட்டியலைப் பார்த்துத்தான்' என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். நம்பத்தான் ஆசைப்பட்டார், முகத்திலேயே தெரிந்தது.

"ஏழு வருஷமா" என்றேன்.

அவர் பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

என்னை அளக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை மனு வாங்கும் ஜன்னலில் உட்காரச் சொன்னார்கள். விதிப்படி மூன்று வருஷப் பணம்தான் அவருக்குத் திரும்பிக் கிடைக்குமாம். மிச்ச நாலு வருஷத்தை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவையும் அண்ணி, "அவர் இல்லை" என்றார். உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு மேசைமேலேயே அந்த உறை இருக்கிறது. என் வீட்டுக்காரர் அதைப் பார்க்காத மாதிரி சுற்றிக்கொண்டு போகிறார்.

பத்து நாள் கழித்து அவரே ஜன்னலுக்கு வந்தார். பதிவைத் திருத்தக் கோரும் மனுவைக் கம்பி வழியாக நீட்டினார். எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. வரி பாதிக்கும் கீழே இறங்கப்போகிறது. நூற்றுக்கு நாற்பது ஏறினாலும் பழையதில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. அண்ணியின் வளையலை மீட்கலாம். ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். "உட்காருங்க அண்ணே."

"பரவாயில்ல. நின்னே பழக்கம்."

மனுவைப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. 'திருத்தம் கோரும் காரணம்' என்ற இடத்தில், 'வீட்டை விற்பதற்காக' என்று எழுதியிருந்தார். வாங்குகிறவர் பெயரும் இருந்தது, எங்களுக்குத் தெரியாத யாரோ.

"வரிதான் குறைஞ்சுடுச்சே அண்ணே" என்றேன். "இன்னும் ஏன் விக்கணும்?"

"வரிக்காக இல்லீங்க, மேடம்" என்றார். பேனா மூடியைக் கழற்றினார். "கையெழுத்து எங்க போடணும், சொல்லுங்க."