அத்தை பக்கம் திரும்பும் தலை

என் மாமனாரை எதைக் கேட்டாலும் முதலில் அத்தை பக்கம்தான் திரும்புவார். சாப்பிட்டீங்களா மாமா என்றால் ஒரு திரும்பல். கால் வலிக்குதா என்றால் ஒரு திரும்பல். தன் கால் வலியைக்கூடப் பெண்டாட்டியைக் கேட்டுத்தான் சொல்லுவார் என்று வீடே கிண்டலடிக்கும். பஸ் ஓட்டிய காலத்தில் மனுஷன் வாயைத் திறந்தால் டிப்போ முழுக்கக் கேட்கும். ஓய்வு பெற்று, பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் இப்படி ஆனார். நாங்கள் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நல்ல கூத்து.

வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அத்தை. முன்சீட்டில் உட்கார்ந்து, "இங்க நிறுத்துங்க, இப்ப இடது பக்கம்" என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவார். அத்தைக்கு வாய் ஓயாது என்றுதான் நினைத்தேன். நானும் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவள்தான். என் பக்கத்தில் யாராவது அப்படிப் பேசினால் நடுரோட்டில் இறக்கிவிடுவேன்.

ஒரு நாள் அத்தைக்குக் காய்ச்சல். மாமா தனியாகப் போனார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நேராகத் தன் பழைய பஸ் டிப்போவுக்குப் போய், தன் பழைய இடத்தில் கோடு பிசகாமல் வேனை நிறுத்திவிட்டார். டிப்போ வாட்ச்மேன் போன் செய்தார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நான் கேன் வண்டியைத் திருப்பி டிப்போவுக்கு விரட்டினேன். அந்த வேனில் என் மகளும் இருந்தாள்.

"வயசானா மறதி வராதா? நீ ஏன் ஊதிப் பெருசாக்குற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கண்ணாடிய எங்க வச்சோம்னு தேடுனா மறதி. இது வேற. உள்ள உக்காந்திருந்தது உங்க பொண்ணு."

அத்தை போர்வைக்குள்ளிருந்து, "ரோடு வேலை நடக்குது, சுத்திப் போயிருக்காரு" என்று கூசாமல் புளுகினார். பிறகு மெதுவாக, "வண்டியப் புடுங்கிட்டா மனுஷன் படுத்துருவாரும்மா. ஊரு என்ன பேசும்?" என்றார்.

"ஊரா வந்து வண்டி ஓட்டுது, அத்தை?"

பெரியாஸ்பத்திரிக்கு மூளை நரம்பு டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அன்றைக்கு நடைபாதை முழுக்கக் கூட்டம். வாசலில் மாமா பேரைக் கூப்பிடுவதற்குள் மதியமாகிவிட்டது. நாங்கள் நான்கு பேரும் உள்ளே போனோம்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?" என்றார் டாக்டரம்மா.

மாமா அத்தை பக்கம் திரும்பினார். அத்தையின் உதடு லேசாக அசைந்தது. "வியாழன்" என்றார் மாமா, மிடுக்காக.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

மறுபடி திரும்பல். மறுபடி சரியான பதில். பரீட்சையில் பிட் அடிக்கிற பிள்ளைகூட இவ்வளவு துணிச்சலாக அடிக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவர் பதிலைக் கேட்கவேயில்லை, மாமாவின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

"நான் இல்லாம அவரு பேச மாட்டாரு, டாக்டர்."

"அதத்தான்மா பாக்கணும்."

அத்தை போனார். டாக்டரம்மா மறுபடி கிழமையைக் கேட்டார். மாமா திரும்பினார். பக்கத்தில் வெறும் ஸ்டூல்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்து, "இப்ப வந்துருவா" என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடித்து மறுபடி போனபோது டாக்டரம்மா உடைத்துச் சொன்னார். "இது வயசு இல்லம்மா, டிமென்ஷியாங்கிற நோய். முழுசா சரி பண்ண மருந்து இல்ல. ஆனா நல்லா பாத்துக்க வழி இருக்கு. பழகின ஆளுங்க, பழகின வேலை, வேளைக்குச் சாப்பாடு, கொஞ்சம் நடை. அம்மாவும் தூங்கணும், இவரப் பாத்துக்கிறத எல்லாரும் பங்கு போட்டுக்குங்க. ஆனா ஐயா இனிமே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது."

மாமாவின் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது. சாவி அதில்தான் இருந்தது.

"குடுங்கப்பா" என்று என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

"என் வண்டி" என்றார் மாமா. பிடி இறுகியது. பிறகு, வழக்கம்போல, அத்தை பக்கம் திரும்பினார்.

போச்சு, ரோடு வேலைக் கதை மறுபடி வரப்போகிறது என்று நினைத்தேன். இத்தனை நாள் அவருக்காகப் பதில் சொன்ன வாய் இப்போது திறக்கவே மாட்டேன் என்றது. அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே சொன்னார்.

"குடுத்துடுங்க. பிள்ளைங்க ஏறுற வண்டி."

மாமா சாவியை எடுத்து அத்தை கையில் வைத்தார். அத்தை அதை என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

இப்போது காலையில் நான்தான் வேன் ஓட்டுகிறேன், தண்ணீர் கேன் அப்புறம்தான். அந்த நேரத்தில் அத்தை வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார். ராத்திரி மாமா எழுந்தால் கூட எழுவது என் வீட்டுக்காரர். முணுமுணுப்பார், ஆனால் எழுந்துவிடுவார். மாமா முன்சீட்டில் வருகிறார். பிள்ளைகள் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஏறும்.

முதல் நாள், முதல் திருப்பத்தில் வேனை நிறுத்தி, "போலாமா மாமா?" என்று கேட்டேன். பழக்க தோஷத்தில் அத்தையைத் தேடி ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"போலாம் மாமா" என்று சொல்லி கியரைப் போட்டேன்.